தண்ணீரில் குளுக்கோஸைப் பிடிக்காத ஏற்பி: பதில்

வணக்கம். நானும் டர்பன்தான், சாட்ஸ்வொர்த் பக்கம். குளோரோஃபார்மில் சர்க்கரையை நன்றாகப் பிடித்த உங்கள் ஏற்பி (வேறொரு மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளச் செய்யும் செயற்கை மூலக்கூறு), கனநீரில் குளுக்கோஸ் சேர்த்தும் என்எம்ஆரில் (மூலக்கூறின் அணுக்களைச் சிக்னல்களாகக் காட்டும் காந்தமுறைச் சோதனை) அதன் சிக்னல்கள் அசையவே இல்லை என்கிறீர்கள். அதற்குள் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் ஒன்று: குளுக்கோஸை அன்றே கரைத்தீர்களா? குளுக்கோஸுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வளைய வடிவங்கள். பாட்டிலில் வருவது பெரும்பாலும் ஆல்ஃபா. தண்ணீரில் அது மெதுவாக மாறி, ஏறத்தாழ 64 சதவீதம் பீட்டாவாகி நிற்கும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது மின்வெட்டு! டைட்ரேஷன் (குளுக்கோஸைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அளப்பது) பாதியில் நின்றது. மறுநாள் அதே கரைசலில் செய்தால் சிக்னல் நகர்கிறது. உங்கள் ஏற்பி பீட்டாவைப் பிடிப்பது என்றால் அந்த மாற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் இரவு முழுக்க வைத்துவிட்டுப் பாருங்கள்.

அப்புறம், சர்க்கரையே சேர்க்காமல் ஏற்பியை மட்டும் 1 மில்லிமோலாரிலிருந்து 0.1 வரை நீர்க்கச் செய்யுங்கள். சிக்னல்கள் நகர்ந்தால் உங்கள் மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று சந்தேகப்படலாம்.

இரண்டும் சரி என்றால் வடிவமைப்பில்தான் குறை. 55 மோலார் தண்ணீரோடு ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும் போட்டி போட முடியாது. பீட்டா குளுக்கோஸின் மேலும் கீழும் இருக்கும் கார்பன்-ஹைட்ரஜன் முகங்களை அரோமாட்டிக் தளங்களால் (பென்சீன் போன்ற தட்டையான வளையங்கள்) மூட வேண்டும், பக்கவாட்டு ஹைட்ராக்சில்களுக்கு யூரியா போன்ற குழுக்கள் வேண்டும். பிரிஸ்டலில் ஆந்தனி டேவிஸ் குழு 2019இல் வெளியிட்ட ஏற்பி இப்படித்தான். எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று காட்டும் பிணைப்பு மாறிலி அதற்குச் சுமார் 18,000 (ஒரு மோலாருக்கு).

சர்க்கரையைப் பிடிக்கும் இன்னொரு வழியான போரானிக் அமிலத்துக்கு (போரான் உள்ள கரிமச் சேர்மம்) உடனே தாவாதீர்கள். எளிய வகைகள் குளுக்கோஸை விட ஃப்ரக்டோஸைத்தான் அதிகம் விரும்பும்.

நீர்க்கச் செய்த ஸ்பெக்ட்ரம் கிடைத்ததும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.