இன்னொரு ஆட்டோகேட் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்

சார், மகள் சிவில் கடைசி வருடம், ஆட்டோகேட் சான்றிதழ் ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதிலேயே இன்னொரு கோர்ஸ் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். படம் வரையத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வேலை தேடுகிறார்கள். அந்தப் படத்தை, மழைநீர் எப்படி ஓடும் என்று கணக்கிடும் கணினி வடிகால் மாடலுக்குள் கொண்டுபோய், ஓட்டிப் பார்த்து, திரும்ப ஆட்டோகேடுக்குள் கொண்டுவரத் தெரிந்த பிள்ளைகளை நான் குறைவாகத்தான் பார்க்கிறேன். 2015 வெள்ளத்தில் சென்னை பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

செலவில்லாமலே பழகலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிடும், இந்த வடிகால் மாடல் செய்கிற ஸ்வம் (SWMM) மென்பொருள் முழுக்க இலவசம். ஆட்டோகேடுக்கு மாணவர் உரிமம் ஒரு வருடத்துக்கு இலவசம், படிக்கும்வரை புதுப்பித்துக்கொள்ளலாம்.

இனி வருவதை மகளிடமே காட்டுங்கள். உங்கள் தெருவையே எடுத்து, பத்து மேன்ஹோல் வைத்து ஆட்டோகேடில் வரையட்டும். ஆட்டோகேட் படத்தை மற்ற மென்பொருள்களுக்குக் கொடுக்கும் டிஎக்ஸ்எஃப் (DXF) கோப்பை ஸ்வம் நேராக உள்ளே எடுக்காது, பின்னணிப் படமாக ஒரு ஜேபெக் வைக்கலாம், அவ்வளவுதான். அதனால் மேன்ஹோல்களின் இடத்தைக் காட்டும் எக்ஸ், ஒய் எண்களை, ஆட்டோகேடில் பட்டியலாக எடுத்துத்தரும் டேட்டா எக்ஸ்ட்ராக்‌ஷன் மூலம் எடுத்து, ஸ்வம்மின் உள்ளீட்டுக் கோப்பான ஐஎன்பி-யை (.inp) நோட்பேடில் திறந்து 'கோஆர்டினேட்ஸ்' பகுதியில் ஒட்ட வேண்டும், இன்வெர்ட் லெவல்கள், அதாவது மேன்ஹோலின் அடிமட்ட உயரங்கள், 'ஜங்ஷன்ஸ்' பகுதியில் போகும். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களில் இது சில க்ளிக்கில் முடிந்துவிடும்தான், ஆனால் ஒருமுறை கையால் செய்தால்தான் படத்திலிருந்து எது போகிறது, எது போகவில்லை என்று பிடிபடும்.

போகாதது முக்கியமாக லெவல். படத்தில் மேன்ஹோல் பக்கத்தில் 6.45 என்று எழுதியிருக்கும், ஆனால் அது வெறும் எழுத்து, அந்தப் புள்ளியின் இசட் மதிப்பு, அதாவது உயரம், பூஜ்யமாகவே கிடக்கும். 200-க்கு 1 சரிவில் 30 மீட்டர் பைப் மொத்தமே 15 சென்டிமீட்டர்தான் இறங்குகிறது, ஒரு லெவலைத் தப்பாக அடித்தால் தண்ணீர் மேல்நோக்கி ஓட வேண்டியிருக்கும்.

அப்புறம் அலகு. என்னிடம் வந்த ஒரு மாணவியின் மாடலில் ஒவ்வொரு பைப்பும் 30,000 மீட்டர் இருந்தது, படம் மில்லிமீட்டரில் வரையப்பட்டிருந்தது, காரணம் அவ்வளவுதான். ஸ்வம்மில் பைப் நீளத்தை வரைபடத்திலிருந்து தானே கணக்கிடும் ஆட்டோ லெங்த் வசதி அணைந்திருந்தால் இதற்கு நேர்மாறாக, வரைகிற பைப் எல்லாமே 400 என்று ஒரே நீளம் காட்டும். எண்களைப் பார்க்காமல் ரன் பொத்தானை அழுத்துகிற பழக்கம் மட்டும் வந்துவிடக் கூடாது. பூமியை எண்ணிட்ட பட்டைகளாகப் பிரித்து இடங்களை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் முறையில் மண்டல எண்ணும் கவனம்: சென்னை 44, கோவை 43, மாற்றிப் போட்டால் தெருவே வேறெங்கோ போய் உட்காரும்.

மாடல் ஓடியதும் மேப்பை டிஎக்ஸ்எஃப் ஆக ஏற்றுமதி செய்து, ஆட்டோகேடில் பழைய படத்தின் மேல் வைத்துப் பார்க்கட்டும். கோடுகளும் வட்டங்களும் வரும், பைப் விட்டம், சொரசொரப்பு எண் எதுவும் தரவாக வராது, அதற்குத் தனி அட்டவணை தயாரிக்க வேண்டும். இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால் அதை ஒரு பக்கத்தில் அச்செடுத்து ரெஸ்யூமேயோடு வைக்கச் சொல்லுங்கள், நேர்முகத்தில் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

இரண்டு மூன்று வாரம் ஆகும் சார். அதுவரை கோர்ஸ் பணம் உங்களிடமே இருக்கட்டும், படத்தை முடித்ததும் மகளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.