கையில் எழுந்த தடிப்பு என்ன சொல்கிறது?

கேள்வி: என் மாமனாருக்கு நுரையீரல் காசநோய் இருப்பது சென்ற மாதம் உறுதியானது. ஒன்பது வயதான என் மகளுக்கு முன்கையில் காசநோய்த் தொற்றைக் கண்டறியும் மான்டூ ஊசி போட்டு, இரண்டு நாள் கழித்து வந்து காட்டச் சொன்னார்கள். ஊசி போட்ட இடம் 14 மில்லிமீட்டர் தடித்திருக்கிறது என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். மார்பு எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, குழந்தைக்கு இருமலும் இல்லை; ஆனாலும் மாத்திரை கொடுக்க வேண்டும் என்கிறார்கள். டெங்குவுக்கு இரத்தத்தைப் பார்த்து அன்றே சொல்லிவிடுகிறார்களே, இதற்கு மட்டும் ஏன் இரண்டு நாள்? நோயே இல்லாத குழந்தைக்கு மருந்து எதற்கு?
(வாசகி, பெரம்பூர், சென்னை)

பதில்: உங்களுடைய இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில், டி செல்கள் எனப்படும் வெள்ளையணுக்களிடம் இருக்கிறது.

கிருமிகளை எதிர்க்க உடல் உண்டாக்கி, இரத்தத்தில் மிதக்கவிடும் புரதங்களான ஆன்டிபாடிகள், செல்களுக்கு வெளியே திரியும் கிருமிகளைப் பற்றிக்கொள்ளும். காசநோய்க் கிருமியோ, தன்னை அழிப்பதற்காக விழுங்கிய மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளேயே குடியிருக்கக் கூடியது. அங்கே ஆன்டிபாடி நுழைய முடியாது. ஆன்டிபாடியைப் பார்த்துக் காசநோயைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனைகள் தவறான முடிவுகளைத் தருவதால், அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் அறிவித்தது. இந்திய அரசு 2012-இல் அவற்றைத் தடை செய்தது.

உங்கள் மகளின் உடலில் நடந்தது இதுதான். காற்றோடு உள்ளே போன கிருமியை நுரையீரலின் நுண்ணறைகளில் உள்ள மேக்ரோஃபேஜ் விழுங்குகிறது. வழக்கமாக, விழுங்கப்பட்ட கிருமி அடைபட்டிருக்கும் பையோடு, அமிலமும் நொதிகளும் நிறைந்த லைசோசோம் என்னும் இன்னொரு பை வந்து கலந்து, கிருமியைச் செரித்துவிடும். காசநோய்க் கிருமி அந்தக் கலப்பைத் தடுத்துவிடுகிறது. இதற்கிடையில் டென்ட்ரிடிக் செல்கள் கிருமியின் புரதத் துணுக்குகளை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குச் சென்று, அங்கே கடந்துபோகும் எண்ணற்ற டி செல்களிடம் காட்டுகின்றன. ஒவ்வொரு டி செல்லும் தனக்கென வாய்த்த ஏற்பியால் ஏதோ சில துணுக்குகளை மட்டுமே அடையாளம் காணும் என்பதால், பொருந்துகிற செல் மிக அரிதாகவே கிடைக்கும். கிடைத்துவிட்டால் அது பிரிந்து பிரிந்து பல்லாயிரமாகப் பெருகும். பல கிருமிகளுக்கு எதிராக ஒரு வாரத்தில் முடிந்துவிடும் இந்த வேலை, காசநோய்க் கிருமியிடம் மிகவும் தாமதமாகிறது. தொற்று ஏற்பட்டு 2 முதல் 8 வாரங்கள் கழித்தே மான்டூ ஊசிக்குத் தடிப்பு எழுவது இதனால்தான்.

பெருகிய டி செல்களில் சிடி4 வகையினவே இங்கு முதன்மையானவை. அவை தம் கையால் கிருமியைக் கொல்வதில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவை நுரையீரலுக்குத் திரும்பி, இன்டர்ஃபெரான் காமா என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அந்தச் செய்தி கிடைத்த மேக்ரோஃபேஜ் புதுவலிமை பெற்று, தடைபட்டிருந்த கலப்பை நடத்தி, உள்ளிருக்கும் கிருமியைத் தாக்குகிறது. அப்படியும் சாகாத கிருமிகளைச் சுற்றி மேக்ரோஃபேஜ்களும் டி செல்களும் நெருக்கமாகக் கூடி, கிரானுலோமா என்ற சிறு முடிச்சாக அடைத்துவைக்கின்றன. எச்.ஐ.வி. கிருமியால் சிடி4 செல்கள் குறைந்தவர்களிடம் காசநோய் அதிகமாகத் தாக்குவதைப் பார்க்கும்போது, இந்த அடைப்பு எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும்.

இப்போது கையில் நடந்ததற்கு வருவோம். மான்டூ ஊசியில் உயிருள்ள கிருமி ஏதும் இல்லை. கிருமியிலிருந்து பிரித்தெடுத்த புரதம் மட்டுமே உள்ளது. முன்பே பழகிய டி செல்கள் உடலில் இருந்தால், அவை தோலுக்கு வந்து அந்தப் புரதத்தை அடையாளம் கண்டு மற்ற செல்களையும் அழைக்கும். அவையெல்லாம் திரண்டு தோல் கெட்டிப்பட 48 முதல் 72 மணி நேரம் ஆகும். சிவப்பை விட்டுவிட்டு, விரலால் தடவி உணரும் கெட்டியை மட்டும் அளப்பதும் அதற்காகவே. பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசியாலும் சிறிது தடிப்பு வரலாம் என்றாலும், இந்த வயதில் அதன் தாக்கம் பெரும்பாலும் தேய்ந்திருக்கும்; வீட்டிலேயே நோயாளி இருக்கும்போது 14 மில்லிமீட்டரைத் தொற்றாகக் கொள்வதே சரி.

தொற்று வேறு, நோய் வேறு. உங்கள் மகளிடம் கிருமி இருக்கிறது, டி செல்கள் அதை அடக்கி வைத்திருக்கின்றன. இப்படித் தொற்று பெற்றவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு வாழ்நாளில் நோய் வெளிப்படுகிறது. முதல் இரண்டு ஆண்டுகளிலேயே அந்த ஆபத்து அதிகம். அடங்கியிருக்கும் கிருமிகள் மிகச் சிலவே என்பதால், ஐசோனியசிட் என்ற ஒரே மருந்தை 6 மாதம் கொடுப்பதுகூடப் போதுமானது. நோய் வெளிப்பட்ட பின்னர் பல மருந்துகள் தேவைப்படும். அந்த மாத்திரையைத் தயங்காமல் கொடுங்கள்.

மாமனாரை வீட்டை விட்டு அனுப்ப வேண்டுமோ என்று நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் அந்த அச்சம் பல வீடுகளில் இருப்பதால் சொல்கிறேன். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து உண்டவர்களையும் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கியவர்களையும் ஒப்பிட்டு, வீட்டு மருத்துவம் ஏறக்குறைய அதே அளவு பலன் தருகிறது என்றும், அதனால் உடன் வசிப்போருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்றும் 1959 முதல் வெளிவந்த ஆய்வு முடிவுகளில் உலகுக்குக் காட்டியது. அவர் மருந்தை விடாமல் உண்ணட்டும், சன்னல்கள் திறந்திருக்கட்டும்.

மகளின் மருந்து முடிந்தபின், குணமாகிவிட்டதா என்று அறிய மீண்டும் மான்டூ ஊசி போட்டுப் பார்க்காதீர்கள். அப்போதும் தடிப்பு எழும். பழகிய டி செல்களின் நினைவு பல ஆண்டுகளுக்கு உடலில் தங்கிவிடும்.