22 கிலோமீட்டரில் 98 வினாடி முந்துவது ஊக்கமருந்து இல்லாமல் முடியுமா?

நீங்கள் கேட்பது 2023 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 16ஆவது கட்டத்தைப் பற்றி. பாஸியிலிருந்து கோம்ப்ளூ வரை 22.4 கி.மீ. டைம் ட்ரையல், வீரர்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டுத் தனியாக ஓட்டுவார்கள், குறைந்த நேரம் எடுத்தவருக்கு வெற்றி. ஜோனாஸ் விங்கேகார்ட் 32 நிமிடம் 36 வினாடியில் முடித்தார். ததேய் பொகாச்சர் அவரைவிட 1 நிமிடம் 38 வினாடி பின்னால். மூன்றாவதாக வந்த வவுட் வான் ஆர்ட் 2 நிமிடம் 51 வினாடி பின்னால்.

சந்தேகப்படுங்கள், அதில் தவறே இல்லை. சந்தேகம் இயல்பானதுதான் என்று விங்கேகார்டே அப்போது சொன்னார். ஆனால் அந்த 98 வினாடியை ஆதாரமாகத் தூக்கிப் பிடிக்காதீர்கள். இந்தப் பந்தயத்தை நீண்ட காலமாகப் பின்தொடர்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: டைம் ட்ரையலில் ஏமாற்றியவர்களை அம்பலப்படுத்தியது ஒருபோதும் கடிகாரம் அல்ல.

2008 டூரில் ஸ்டெஃபான் ஷூமாக்கர் இரண்டு டைம் ட்ரையல்களையும் வென்றார். ஒன்றில் 18 வினாடி, மற்றொன்றில் 21 வினாடி வித்தியாசம். பந்தயம் முடிந்து மாதங்கள் கழித்து, சேமித்து வைத்த மாதிரிகளை மறுபடி சோதித்தபோதுதான் ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் செரா என்ற மருந்து அகப்பட்டது. 2003 உலகச் சாம்பியன் போட்டியின் டைம் ட்ரையலில் டேவிட் மில்லர் 1 நிமிடம் 25 வினாடி முந்தி வென்றார். அவரை எந்தச் சோதனையும் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் வீட்டைச் சோதனையிட்ட பிரெஞ்சுப் போலீஸார் செரா வகையைச் சேர்ந்த இ.பி.ஓ. மருந்துக்குப் பயன்படுத்திய ஊசிகளைக் கண்டெடுத்தார்கள், அவரும் ஒப்புக்கொண்டார்.

இன்றும் நினைத்தால் என் மனம் ஆறாதது 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக். சுமார் 48 கி.மீ. டைம் ட்ரையலில் டைலர் ஹாமில்டன் 19 வினாடி வித்தியாசத்தில் தங்கம் வென்றார். அவருடைய முதல் மாதிரியில் வேறொருவரின் ரத்த அணுக்கள் தென்பட்டன, பிறர் ரத்தத்தை ஏற்றிக்கொண்டதன் அடையாளம் அது. உறுதிசெய்ய வேண்டிய இரண்டாவது மாதிரியை ஆய்வகம் உறைய வைத்துவிட்டது, அணுக்கள் சிதைந்துபோயின. வழக்கு கைவிடப்பட்டது, தங்கம் அவரிடமே இருந்தது. அதே ஆண்டு ஸ்பெயின் சுற்றுப் போட்டியில் அதே குற்றத்துக்குப் பிடிபட்டுத் தடை பெற்றார். ஆண்டுக்கணக்கில் மறுத்தவர் 2011இல்தான் உண்மையைச் சொன்னார். 2012 ஆகஸ்டில் தங்கம் ரஷ்யாவின் வியாசெஸ்லாவ் எகிமோவுக்கும், வெள்ளி பாபி ஜூலிச்சுக்கும், வெண்கலம் மைக்கேல் ரோஜர்ஸுக்கும் மாற்றப்பட்டன. இரண்டே மாதத்தில் ஜூலிச், 1996 முதல் 1998 வரை தானும் இ.பி.ஓ. எடுத்ததாக ஒப்புக்கொண்டார். அது ஏதென்ஸுக்கு முந்தைய காலம், பதக்கம் அவரிடமே இருக்கிறது. மில்லர் இழந்த 2003 பட்டமும் ரோஜர்ஸுக்குத்தான் போனது. மேடையில் நின்று கைதட்டலோடு வாங்கவேண்டியதைக் கடிதத்தில் வாங்குவது என்ன நியாயம்?

கோம்ப்ளூவுக்கு வருவோம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வீரரின் உழைப்பில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. உட்காரும் நிலை, உடை, தலைக்கவசம், டயர் எல்லாமே வினாடிகளைத் தரும். பொகாச்சர் டொமான்சி ஏற்றத்தின் அடியில் சைக்கிளை மாற்றினார்; விங்கேகார்ட் மாற்றவில்லை. இதனால் மட்டும் 98 வினாடி வந்துவிடாது. பொகாச்சரும் மூன்றாமவரைவிட 1 நிமிடம் 13 வினாடி முன்னால் இருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. அதாவது, மற்ற எல்லோரையும் விட்டு விலகி நின்றவர்கள் இரண்டு பேர். அதனால் என் மனத்தின் உறுத்தல் குறையவில்லை. ஏற்றத்தில் ஒருவர் எத்தனை வாட் சக்தி செலுத்தினார் என்று இணையத்தில் வரும் கணக்குகளையும் நான் முடிவான சான்றாகக் கொள்வதில்லை. எடை, காற்று எல்லாம் அவற்றில் ஊகம்தான்.

பார்க்கவேண்டிய இடம் ரத்தம். 2008 முதல் ஒவ்வொரு தொழில்முறை வீரரின் ரத்த அளவுகளும் ஆண்டுக்கணக்கில் பதிவாகின்றன. இயல்புக்கு மீறிய ஏற்ற இறக்கம் இருந்தால் நிபுணர்கள் விசாரிக்கிறார்கள். இது பெரிய தடை. ஆனால் மிகச் சிறிய அளவுகளில் மருந்தை ஏற்றிக்கொள்பவர் இதற்குள்ளும் நழுவ முடியும். 2024 டூரின்போது இன்னொன்று வெளிவந்தது: இந்த இருவரின் அணிகளும் ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவைக் கணக்கிடக் கார்பன் மோனாக்சைடை முகர வைத்திருந்தன. அளவிடுவதற்கு மட்டுமே என்றார்கள், அப்போது அது விதிமீறலும் அல்ல. ஆனால் அதே வாயுவைத் திரும்பத் திரும்ப முகர்ந்தால் உடல் சிவப்பணுக்களைக் கூடுதலாக உருவாக்கும். சர்வதேச சைக்கிள் ஒன்றியம் அப்படி முகர்வதை 2025 பிப்ரவரியில் தடை செய்தது. தவறாகப் பயன்படுத்தியதாக யார் மீதும் நிரூபணம் இல்லை. ஆனாலும், விதி எப்போதும் ஆய்வகத்துக்குப் பின்னால்தான் நடந்து வருகிறது என்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

விங்கேகார்ட் குற்றவாளி என்று நான் சொல்லமாட்டேன், அதற்கு ஆதாரம் இல்லை. தூயவர் என்று சத்தியம் செய்யவும் மாட்டேன். சேகரித்த மாதிரிகளைப் பத்து ஆண்டுகள் வரை வைத்திருந்து மறுபடி சோதிக்க விதி இடம் கொடுக்கிறது. 2023 ஜூலை மாதிரிகளுக்கு அந்தக் கெடு 2033. ஷூமாக்கரைப் பிடித்ததும் அத்தகைய மறுசோதனைதான். அதை ஒன்றியம் முறையாகச் செய்யவேண்டும், முடிவை வெளியிடவேண்டும் என்று ரசிகர்கள் கேட்கலாம்.