காணியை விற்க வேண்டாம்: வன்னியிலிருந்து ஒரு மாணவியின் பெற்றோருக்கு

விசுவமடுவிலிருந்து அண்மையில் என்னைச் சந்திக்க வந்த தாயும் தந்தையும் மகளின் உயர்தரப் பெறுபேற்றையும், வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் முகவர் ஒருவரின் விளம்பரத் தாளையும் மேசையில் வைத்தார்கள். உயிரியல் பிரிவில் இரண்டாம் தடவையாகத் தோற்றிய மகளுக்கு இரண்டு பி, ஒரு சி. மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளி எட்டவில்லை. லண்டனில் இருக்கும் பெரியப்பா, "பிள்ளையை ரஷ்யாவுக்கு அனுப்புங்கள், அரைவாசியை நான் கடனாகத் தருகிறேன்" என்று கிழமைதோறும் தொலைபேசியில் சொல்கிறாராம். மற்ற அரைவாசிக்கு வயற்காணியை விற்பதென்று பேச்சு. இந்தப் பெறுபேறு வெட்கப்பட வேண்டியதல்ல என்று அவர்களுக்குச் சொன்னேன். ஆறுதலாகச் சொன்னது அவ்வளவுதான். அதன் பிறகு சொன்னவற்றை, இதே நிலையிலிருக்கும் மற்றப் பெற்றோருக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 5,000 டொலர் கட்டணம் என்று முகவர் சொல்கிறார். ஆறு ஆண்டுக்கு 30,000 டொலர்; டொலரை 300 ரூபாவாக வைத்தாலும் 90 இலட்சம் ரூபா. தங்குமிடம், சாப்பாடு, குளிர்கால உடுப்பு, விமானச் சீட்டு, விசா ஆகியவை அந்தத் தாளில் இல்லை. கட்டணம் டொலரில், வருமானமோ நெல்லில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியபோது, பிள்ளைகளை நடுப்படிப்பில் வைத்திருந்த குடும்பங்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். இவ்வளவும் செலவழித்துப் பட்டத்தோடு திரும்பினாலும், இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெறுவதற்கான தேர்வில் சித்தியடையாமல் இங்கே ஒரு நோயாளியைக்கூடப் பார்க்க முடியாது. குடும்பத்தின் ஒரே காணியை விற்று இந்தப் பயணத்தைத் தொடங்குவதற்கு நான் ஒருபோதும் சம்மதம் சொல்ல மாட்டேன்.

பெற்றோர் பேசி முடித்த பிறகு, கூட வந்திருந்த மகளிடம் என்ன விருப்பம் என்று தனியாகக் கேட்டேன். அவர் படித்த பாடசாலை பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியின் ஓரத்தில் இருக்கிறது. மணலும் கிரவலும் ஏற்றிய டிப்பர்கள் போகும்போது வகுப்பறை யன்னல்களைச் சாத்த வேண்டியிருக்கும் என்றும், தொய்வுக்காரனான தம்பி எந்த நாட்களில் கூடுதலாகப் பம்ப் அடிக்கிறான் என்பதை நாட்காட்டியில் புள்ளி போட்டு வைத்திருப்பதாகவும் சொன்னார். "எனக்கு வருத்தக்காரரைப் பார்க்க விருப்பமில்லை, ஏன் வருத்தம் வருகுது எண்டு பார்க்கத்தான் விருப்பம்" என்றார். இதைத் தாயும் தந்தையும் அதுவரை கேட்டதில்லை. யாரும் அவரிடம் கேட்கவுமில்லை. தாதியம், மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம், ஆசிரியத் தொழில் போன்றவற்றை அயலவர்களே எடுத்துச் சொல்லியிருப்பார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். இந்தப் பிள்ளையின் கேள்விக்கு நேராகப் பொருந்தும் துறை, போக்குவரத்தும் காற்று மாசும் மக்களின் உடல்நலமும் சந்திக்கும் ஆராய்ச்சித் துறையே.

பெரியப்பாவுக்கு இது விளங்காது என்று தந்தை சொன்னார். அவருக்குத்தான் எல்லோரையும்விட நன்றாக விளங்க வேண்டும். 2023 ஓகஸ்ட் 29 முதல் லண்டன் மாநகரின் எல்லாப் பகுதிகளிலும், புகைத் தரத்துக்கு உட்படாத பழைய கார் ஓடினால் நாளொன்றுக்கு 12.50 பவுண் கட்ட வேண்டும். அந்த விதி வானத்திலிருந்து விழவில்லை. தெற்கு லண்டனில் பெருவீதி ஒன்றின் அருகே வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுமி 2013 இல் கடும் தொய்வினால் இறந்தார்; அவருடைய இறப்புக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று மரண விசாரணை நீதிமன்றம் 2020 டிசம்பரில் தீர்மானித்தது. பிரித்தானியாவில் அப்படியொரு தீர்மானம் வந்தது அதுவே முதற்றடவை. அந்த விசாரணைக்கு வழி திறந்தது, வீட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவிலிருந்த அளவீட்டு நிலையத்தின் பதிவுகளையும் சிறுமி வைத்தியசாலையில் அவசரமாக அனுமதிக்கப்பட்ட திகதிகளையும் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்த நிபுணர் அறிக்கை. நாட்காட்டியில் புள்ளி போடும் பிள்ளை செய்ய முயல்வதும் அதே வேலைதான். அவரிடம் இல்லாதது அளவீட்டுக் கருவி மட்டுமே.

இத்துறையின் ஆய்வுகள் எப்படிப்பட்டவை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "சுற்றாடல் படிப்பு" என்றதும் மரம் நடுவதும் குப்பை பொறுக்குவதும்தான் நம்மவரின் நினைவுக்கு வருகின்றன. தென் கலிபோர்னியாவில் 3,677 பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சியைப் பத்து வயதிலிருந்து எட்டு ஆண்டுகள் அளந்து, விரைவுப் பெருந்தெருவிலிருந்து 500 மீற்றருக்குள் வாழ்ந்தவர்களின் வளர்ச்சி 1,500 மீற்றருக்கு அப்பால் வாழ்ந்தவர்களைவிடக் குறைவாக இருந்ததை 2007 இல் வெளியிட்டார்கள். அந்தப் பிரதேசத்தின் காற்று தூய்மையான பின்னர் வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல் முன்னையவர்களைவிட நன்றாக வளர்ந்ததையும் 2015 இல் அதே ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் வாகனங்கள் நிற்காமலே கட்டணம் செலுத்தும் மின்னணு முறை வந்தபோது, சாவடிக்கு அருகில் வாழ்ந்த தாய்மாருக்குக் குறைமாதப் பிறப்புகள் சுமார் பத்து வீதம் குறைந்ததை 2011 இல் கண்டறிந்தவர்கள் இரண்டு பொருளியலாளர்கள். வீதிக்காரர் செய்த மாற்றம் பிரசவ விடுதியில் தெரிந்தது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் உறுதியாக வகைப்படுத்தியது 2012 இல்தான்.

இனி வன்னிக்கு வருவோம். ஏ9 வீதியும் ஏ35 வீதியும் சந்திக்கும் பரந்தன் சந்தியில் ஓர் ஆய்வு செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். பஸ், லொறி, டிப்பர், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் என வகை பிரித்து மணித்தியாலக் கணக்கில் வாகனங்களை எண்ண வேண்டும். 2.5 மைக்குரோமீற்றரிலும் சிறிய துகள்கள், அதாவது தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு அளவுக்கும் சிறியவை, நுரையீரலின் அடிவரை போய் இரத்தத்திலும் கலக்கக்கூடியவை. அவற்றை வடிதாளில் பிடித்து, வெப்பமும் ஈரப்பதனும் கட்டுப்படுத்திய அறையில் நுண்தராசில் நிறுக்க வேண்டும். துகள்களில் பட்டுச் சிதறும் ஒளியைக் கொண்டு அளக்கும் மலிவான ஒளியுணரிகளும் உண்டு. ஆனால் வயற்கரையின் மார்கழிப் பனியில் அவை நீர்த்துளியைத் தூசியென்று எண்ணிக் கூடுதலாகக் காட்டும், ஆகவே நம்பகமான கருவியின் பக்கத்தில் வைத்துத் திருத்தக் கணக்குப் போட்ட பின்னரே அவற்றை நம்பலாம். பிறகு பாடசாலை வரவுப் பதிவேடு, பிள்ளைகளின் மூச்சு வேகத்தை அளக்கும் சிறு குழாய், ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியோடு பெறப்படும் வைத்தியசாலைப் பதிவுகள் ஆகியவற்றைத் தேட வேண்டும். அடுப்படி விறகுப் புகையும், தகப்பனின் சிகரெட்டும், அறுவடைக்குப் பின் வைக்கோல் எரிப்பதும் அதே நெஞ்சைத்தான் தாக்குகின்றன. அவற்றின் பங்கை வீதியின் பங்கிலிருந்து பிரித்தெடுப்பதே இந்தத் துறையின் கடினமான, அழகான பகுதி. புள்ளிவிபரவியல் அங்கேதான் வருகிறது.

காற்றின் திசையும் கேள்விக்குள் வரும். வாடைக் காலத்தில் இந்தியப் பக்கமிருந்து மாசு வருகிறது. தென்மேற்குக் காற்றான சோளகத்தில் நம்முடைய கிரவல் வீதிகளின் புழுதியே மேலெழுகிறது. 2022 டிசம்பரில் மண்டூஸ் சூறாவளியோடு வந்த குளிரில் வடக்கு கிழக்கில் பெருந்தொகையான மாடுகள் இறந்த அதே நாட்களில்தான், காற்று கெட்டுப்போனதென்று டிசம்பர் 9 ஆம் திகதி நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் நுண்துகளின் ஆண்டுச் சராசரிக்கு வைத்த வரம்பு கன மீற்றருக்கு 5 மைக்குரோகிராம். இலங்கையின் சட்டபூர்வ வரம்பு 25. இந்நாட்டின் நீண்டகால அளவீடுகளில் பெரும்பகுதி கொழும்பையும் கண்டியையும் சார்ந்தவை. வன்னி வீதிகளைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் அப்படியே கிடக்கின்றன.

இதற்கான வாசல் வீட்டுக்குக் கிட்டவே இருக்கிறது. முன்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில், பம்பைமடுவிலுள்ள பிரயோக விஞ்ஞான பீடத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கலாம். படிப்புக் கட்டணம் இல்லை. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் மாவட்டங்கள் பின்தங்கியவற்றுக்கான ஐந்து வீத ஒதுக்கீட்டிலும் அடங்குகின்றன. பட்டத்தின் போதே புள்ளிவிபரவியலையும் தரவுகளை வரைபடத்தில் வைத்து ஆராயும் புவியியல் தகவல் முறைமையையும் விடாமல் பிடித்து, இறுதியாண்டு ஆய்வைக் காற்றிலும் வீதியிலும் செய்ய வேண்டும். கணிதப் பிரிவில் படிக்கும் பிள்ளைக்கு இதே துறைக்கு வேறு கதவுண்டு: மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்துத் துறை. முதுமாணிக்குப் பேராதனையின் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் இருக்கிறது; பாங்கொக்குக்கு அருகிலுள்ள ஆசியத் தொழில்நுட்ப நிறுவகமும், பிரித்தானியாவின் பொதுநலவாயப் புலமைப்பரிசிலும் முயலத்தக்கவை. வெளிநாட்டுப் படிப்பு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. காணி விற்ற காசில் போக வேண்டாம் என்கிறேன்.

வேலை பற்றிப் பூசி மெழுகாமல் சொல்வதானால், பதவிகள் குறைவு, தொடக்கச் சம்பளம் மருத்துவருக்குக் கிட்ட வராது. மத்திய சுற்றாடல் அதிகாரசபை, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், பல்கலைக்கழகங்கள் என்பன முதலிடங்கள். பத்துக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தேசிய, மாகாண நெடுஞ்சாலை அமைப்பதற்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு சட்டப்படி தேவைப்படுவதால், அத்தகைய மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்களும் ஆட்களைத் தேடுகின்றன. ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வராதவர் இத்துறையில் உதவியாளராகவே நின்றுவிடுவார். இந்தக் குறையை மட்டும் இன்றே திருத்தத் தொடங்க வேண்டும்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கு மிக முக்கியமானது. மேலே எழுதியதற்குத் தகுதி இருந்தால் கீழே எழுதியது கிடைக்காது. அந்த ஒழுங்கை மகளே எழுத வேண்டும், பல்கலைக்கழக அனுமதிக்கான அவ்வாண்டுக் கைந்நூலில் பாடத் தகைமைகளைச் சரிபார்த்த பின். மூன்றாம் தடவை தோற்றும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது, ஆனால் அதையும் அவரே தீர்மானிக்கட்டும். முகவருக்கு மாத முடிவுக்குள் பதிவுப் பணம் அனுப்பவா என்று பெரியப்பா கேட்டிருக்கிறார். அனுப்ப வேண்டாம். உதவ மனமிருந்தால், பெறுபேறு வந்ததற்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையிலுள்ள மாதங்களில் நல்ல ஆங்கில வகுப்புக்கும், பின்னர் ஒரு மடிக்கணினிக்கும், வவுனியாவில் தங்குமிடச் செலவுக்கும் அவர் பணம் கட்டலாம்; அது கடனாகவும் இருக்காது.