பிடி அரிசிக் கலயம்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் ஒன்பது பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில் மதியச் சாப்பாடு போடுகிறோம். நாங்கள் கொடுக்கும் காசு இலையில் சோறாக விழுவதைக் கண்ணால் பார்க்கிறோம். நான் கட்டும் வரி எங்கே போகிறதென்று மட்டும் தெரிவதே இல்லை. அந்தக் காலத்தில் சத்திரமும் அன்னதானமும் இருந்தன, மக்களே மக்களைப் பார்த்துக்கொண்டார்கள். இலவசங்களை நிறுத்தி வரியைக் குறைத்தால் எங்களைப் போன்றவர்கள் இன்னும் அதிகமாகச் செய்வோமே?

ரா., திருப்பூர்

அன்புள்ள ரா.,

முதலில் சத்திரம். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் இன்னும் நிற்கிறது. கட்டியவர் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி. 1801ல் அவர் ரெசிடென்டுக்கு, அதாவது தஞ்சையில் இருந்த ஆங்கிலேயக் கம்பெனியின் பிரதிநிதிக்கு, எழுதிய கடிதம் ஒன்று உண்டு. வழிப்போக்கருக்குச் சோறு, பிள்ளைகளுக்கு வாத்தியார், நோயாளிக்கு வைத்தியர் என்று தஞ்சைச் சத்திரங்களில் நடப்பதையெல்லாம் அதில் வரிசையாகச் சொல்வார். இந்தச் செலவெல்லாம் மானியமாக விட்ட நிலங்களின் வருமானத்தில் நடந்தது. ராஜாங்கத்துக்குப் போக வேண்டிய பணம்தான். வணிகர்கள் கட்டிய சத்திரங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் பலவற்றில், யார் பந்தியில் உட்காரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்பதைச் சோறு போடுபவரே முடிவு செய்தார்.

அப்புறம், என் ஊர்க் கதை. காமராஜர் 1956ல் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்த மதிய உணவு, ஆரம்பத்தில் பெருமளவு ஊர்க்காரர்கள் கொடுத்ததை நம்பித்தான் நடந்தது. அரசு பங்கு போட ஆரம்பித்த பிறகும் ஊரின் பங்கு தொடர்ந்தது. நான் பள்ளிக்கூடம் போன அறுபதுகளில் எங்கள் அடுப்பங்கரையில் ஒரு கலயம் இருக்கும். உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு பிடி அரிசியை அதில் போடுவாள். வாரக் கடைசியில் பள்ளிக்கூடத்து ஆயா வந்து வாங்கிப்போவார். அறுப்பு முடிந்த மாசங்களில் கலயம் வழியும். ஒரு வருஷம் மழை பொய்த்தது. அம்மா பிடியைப் பாதியாக்கினாள், பிறகு கலயத்தைக் கவிழ்த்துவைத்தாள். கஞ்சிகூட இல்லாமல் பிள்ளைகள் பள்ளிக்கு வந்ததும் அதே மாசத்தில்தான். அம்மாவுக்கு மனசு சுருங்கவில்லை, எங்கள் குதிரும் காலி. கொடுக்கிறவன், வாங்குகிறவன் இருவருக்கும் ஒரே மழைதானே.

உங்கள் ஊரையே பாருங்கள். பனியனுக்கு ஆர்டர் குறையும் மாதத்தில் வேலை இழப்பவர் எத்தனை பேர்? அதே மாதத்தில் உங்கள் ஒன்பது பேரில் எத்தனை பேர் வழக்கம்போலக் கொடுப்பார்கள்? 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது, கஜானா தாங்காது என்று கணக்கு சொன்னவர்கள் உண்டு. ஆனாலும் அடுப்பு அணையவில்லை. 2022ல் அதோடு காலை உணவும் சேர்ந்தது. கொடுக்கும் பொருளில் தலைவர் படத்தை ஸ்டிக்கராக ஒட்டுவது எனக்கும் எரிச்சல்தான்.

அரசாங்கம் என்றால் கருணை என்று சொல்ல வரவில்லை. 1874ல் பீகார்ப் பஞ்சத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துக் கொடுத்தார். சாவு மிகக் குறைவு. ‘வீண்செலவு’ என்று அவருக்குத் திட்டு விழுந்தது. மூன்றே வருஷத்தில் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். இந்த முறை அதே டெம்பிள் சிக்கனக்காரராக வந்தார். நாளெல்லாம் மண் சுமப்பவனுக்கு ஒரு ராத்தல் (அரைக் கிலோவுக்கும் குறைவு) தானியமும் சில்லறையும் போதும் என்றார். லட்சக்கணக்கில் செத்தார்கள். வடலூரில் வள்ளலார் 1867ல் மூட்டிய அடுப்பு அப்போதும் எரிந்தது, இன்றும் எரிகிறது. அதை நினைத்தால் கை தானாகக் குவியும். ஆனால் ஒரு மாகாணத்தின் பசியை அந்த ஓர் அடுப்பு எப்படித் தாங்கும்? டெம்பிளைக் கேள்வி கேட்க அன்று நமக்கு ஓட்டு இல்லை. உங்கள் வரி எங்கே போகிறது என்று இன்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். சத்துணவு முட்டை அழுகியிருந்தால் ஊரே திரண்டு சண்டை போடுகிறது. அன்னதானச் சாம்பாரில் உப்பில்லை என்று யாராவது வாய் திறப்பார்களா?

சரி, உங்கள் ஒன்பது பேருக்கு வருகிறேன். நிறுத்தாதீர்கள். 2015 சென்னை வெள்ளத்தில் பல தெருக்களுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது பக்கத்துத் தெரு இளைஞர்களின் சோற்றுப் பொட்டலம்தான். ஒரே ஒரு வேண்டுகோள். நான் பார்த்த இல்லம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை மூன்று பிறந்தநாள் கேக், செவ்வாய்க்கிழமை நீர்மோர்ச் சாதம். நீங்கள் செவ்வாய்க்கிழமை போங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் வாரம் இரண்டு நாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக்கொடுக்கிறார். ஆதாரில் வயது தப்பாக இருக்கும் கிழவிகளை அவரே இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போவார். அவருக்குச் செலவு டீக்காசு, அதையும் சில கிழவிகள் கொடுத்துவிடுகிறார்கள்.