லைசென்ஸ் வருவதற்கு முன்னால் வேலை பார்த்த 4 மாதங்கள்

கேள்வி: தமிழ்நாட்டில் பேச்சு, மொழி சிகிச்சையில் முதுகலை முடித்தேன். கல்யாணமாகி கலிபோர்னியா வந்தேன். வேலை அனுமதி இருக்கிறது, லைசென்ஸுக்கு வேண்டிய பிராக்சிஸ் தேர்விலும் பாஸ் செய்துவிட்டேன். தெரிந்த தமிழ் அக்கா ஒருவர் கிளினிக் நடத்துகிறார். "அப்ளிகேஷன் போட்டாச்சு, லைசென்ஸ் வர்றப்ப வரட்டும், நீ குழந்தைகளைப் பார்க்க ஆரம்பி" என்றார். 4 மாதம் கழித்துத்தான் தற்காலிக லைசென்ஸ் வந்தது. அதன் பிறகு 6 மாதம் முழுநேரம் உழைத்தேன். திடீரென்று பெற்றோர்கள் முன்னால் அவமானப்படுத்தி நிறுத்திவிட்டார். கடைசி 2 மாதச் சம்பளம் வரவில்லை. முழு லைசென்ஸுக்குத் தேவையான அனுபவப் படிவத்தில் கையெழுத்தும் போட மறுக்கிறார். "இரண்டையும் தராவிட்டால் லைசென்ஸ் கொடுக்கும் மாநில போர்டில் புகார் செய்வேன்" என்று மெயில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? 10 மாதமும் கணக்கில் வருமா?

பதில்: அனுப்பாதீர்கள். 10 மாதமும் கணக்கில் வராது.

அந்த அக்கா உங்களை நடத்திய விதம் தவறுதான். ஆனால் அது உங்கள் வழக்கில்லை. பெற்றோர் முன் பேசியது, நம்பிக்கைத் துரோகம், இதையெல்லாம் ஓரமாக வையுங்கள். சட்டம் பார்க்கப்போவது ஒரே ஒரு தேதியை: தற்காலிக லைசென்ஸ் வழங்கப்பட்ட நாள். அதற்கு முந்தைய ஒவ்வொரு சிகிச்சை நேரமும் லைசென்ஸ் இல்லாமல் செய்த தொழில். "அப்ளிகேஷன் போட்டாச்சு" என்பதற்கு எந்த மதிப்பும் கிடையாது. கலிபோர்னியாவில் முழு லைசென்ஸுக்கு, ஒரு மேற்பார்வையாளரின் கீழ் முழுநேரமாக 36 வாரம் வேலை செய்த அனுபவம் வேண்டும். சட்டத்தை மீறிப் பெற்ற அனுபவத்தை போர்டு ஏற்காது. ஆகவே உங்கள் கையில் இருப்பது சுமார் 26 வாரம். மீதி 10 வாரத்தை இன்னொரு மேற்பார்வையாளரிடம், அவர் பெயரை போர்டில் பதிந்த பிறகு, முடிக்க வேண்டும். பிராக்சிஸ் மதிப்பெண்ணும் ஆஷா சான்றிதழும் இந்த ஓட்டையை அடைக்காது. ஆஷா தனியார் தொழில் சங்கம், லைசென்ஸ் கொடுப்பது மாநிலம்.

அந்த மெயிலுக்கு வருகிறேன். லைசென்ஸ் இல்லாதவரை வைத்துச் சிகிச்சை நடத்துவது வெறும் விதிமீறல் அல்ல, குற்றம். "பணம் கொடு, இல்லாவிட்டால் குற்றத்தை வெளியே சொல்வேன்" என்று எழுத்தில் கேட்டால், கலிபோர்னியா தண்டனைச் சட்டம் 518, 519 பிரிவுகளின்கீழ் மிரட்டிப் பணம் பறித்தல் என்று அதை வாதிட இடமுண்டு. உங்களுக்கு நியாயமாக வரவேண்டிய பணமாக இருந்தாலும் சரி. அதோடு, அந்த 4 மாதத்தைப் பற்றி உங்கள் கைப்பட எழுதிக் கொடுத்த வாக்குமூலமாகவும் அது ஆகிவிடும்.

இதைவிடப் பெரிய குழி ஒன்று உண்டு. நான் பார்த்தவர்களில் அதிகம் பேர் விழுந்தது அதில்தான். சம்பளத்துக்காக லேபர் கமிஷனரிடம் போகும்போது, தொகை பெரிதாகத் தெரியட்டும் என்று முதல் நாளிலிருந்து எழுதுவார்கள்: "இந்தத் தேதியிலிருந்து குழந்தைகளுக்கு சிகிச்சை அளித்தேன்." போர்டுக்குப் போகும் படிவத்தில் லைசென்ஸ் வந்த நாளிலிருந்து வேலை செய்ததாக எழுதுவார்கள். இரண்டு தாள், இரண்டு கதை. சம்பளச் சீட்டு மூன்றாவது தாள். எதிர்த்தரப்பு வக்கீல் மூன்றையும் ஒரே மேசையில் பரப்பும் நாளில், லைசென்ஸ் இல்லாமல் வேலை பார்த்தது சின்ன விஷயமாகிவிடும். பொய் சொன்னதுதான் பெரிதாக நிற்கும். விண்ணப்பத்தில் சொல்ல வேண்டிய உண்மையைத் தெரிந்தே மாற்றிச் சொல்வது, தொழில் சட்டம் 480-ன்படி லைசென்ஸை மறுக்கத் தனிக் காரணம். ஒரு மாநிலத்தில் மறுத்தார்கள் என்றால், அடுத்த மாநில விண்ணப்பத்திலும் அந்தக் கேள்வி உங்களுக்காகக் காத்திருக்கும்.

உங்களுக்கு வரவேண்டியது கடைசி 2 மாதச் சம்பளம். அது லைசென்ஸ் வந்த பிறகு செய்த வேலைக்கு. கோரிக்கையை அதோடு நிறுத்துங்கள். எப்போது சேர்ந்தீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கேட்காத இடத்தில் 10 மாதக் கதையை எழுதாதீர்கள்.

அடுத்து அவர் தரப்பிலிருந்து ஒரு யோசனை வரும் என்று எதிர்பார்க்கிறேன்: "முதல் 4 மாதம் நீ உதவியாளராக, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாய் என்று எழுதிக் கொடு, எல்லாவற்றையும் முடித்துவிடலாம்." தயவுசெய்து அதில் கையெழுத்திடாதீர்கள். உதவியாளரையும் மேற்பார்வையாளர் போர்டில் பதிய வேண்டும். பதியவில்லை என்றால் அந்தக் கதையும் நிற்காது. சிகிச்சைக் குறிப்புகளை நீங்கள் எழுதி, இன்சூரன்ஸ் பில் அவர் பெயரில் போயிருந்தால் நிலைமை இன்னும் மோசம். லைசென்ஸ் சிக்கல் அப்போது இன்சூரன்ஸ் மோசடி விசாரணையாக மாறும், பொய்க் கடிதத்தில் உங்கள் கையெழுத்து இருக்கும். ஆதாரம் என்று குழந்தைகளின் பதிவேடுகளை போனில் படம் பிடித்து வைத்திருந்தால், யாருக்கும் அனுப்பாமல், அழிக்கவும் செய்யாமல், வக்கீலிடம் சொல்லுங்கள். அது நோயாளி அந்தரங்கச் சட்டத்தில் தனிப் பிரச்சினை.

என் யோசனை, செட்டில்மெண்டுக்குப் போங்கள். வேலையை விட்டு நிறுத்தியதும் சம்பளம் தராமல் இழுத்தால், லேபர் சட்டம் 203-ன்படி 30 நாள் சம்பளம் வரை கூடுதலாகக் கேட்கலாம். அந்தக் கூடுதலை விட்டுக்கொடுங்கள். அசல் சம்பளத்தையும், உண்மையான தேதிகளோடு நிரப்பிய அனுபவப் படிவத்தையும் வாங்குங்கள். உங்கள் ஆத்திரத்துக்கு இது குறைவாகத் தெரியும். ஆனால் 26 வாரம் கைக்கு வருவதற்கு இதைவிட வேகமான வழி இல்லை. ஒப்பந்தத்தில் "போர்டில் புகார் செய்ய மாட்டேன்" என்ற வரியை அவர் கேட்டால், அவர் அதைக் கேட்கவே கூடாது. தொழில் சட்டம் 143.5 தடுக்கிறது. நீங்களாக முன்வந்து அந்த வாக்குறுதியைக் கொடுக்கவும் வேண்டாம்.

அந்த 4 மாதத்தைப் போர்டு கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல், முழு லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது வக்கீல் வழியாக நீங்களே சொல்லிவிடுவது நல்லது. அபராதமோ நிபந்தனையோடு கூடிய லைசென்ஸோ வரலாம். அதிலிருந்து மீண்டு தொழில் செய்ய முடியும். மறுப்புக் கடிதம் வந்தால் விசாரணை கேட்க 60 நாள்தான் அவகாசம். விசாரணை இல்லாமல் சமரசமாக முடிக்கும் உத்தரவு என்று போர்டிடமிருந்து ஏதாவது தாள் வந்தால், படித்துக் காட்ட ஆள் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்; அது பொதுப் பதிவில் நிற்கும். யாராவது குற்ற வழக்கு என்று பேச்செடுத்தால், எதையும் ஒப்புக்கொள்வதற்கு முன் விசா வக்கீல் ஒருவரையும் பாருங்கள்.