28-வது கிலோமீட்டரில் உட்கார்ந்தவரிடம் என்ன பேசுவது?

கேள்வி: என் மனைவிக்கு 36 வயது. ஏழு வருடங்களாக ஓடுகிறார், நான்கு மாரத்தான் (42 கிலோமீட்டர் ஓட்டம்) முடித்திருக்கிறார். போன வருடம்தான் அவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருப்பது உறுதியானது. பீரியட்ஸின் முதல் இரண்டு நாள் குளியலறைத் தரையில் சுருண்டு கிடப்பார். பார்க்கவே முடியாது. நான்காம் நாள் விடியற்காலையில் எழுந்து, ஷூவை மாட்டிக்கொண்டு 25 கிலோமீட்டர் ஓடப் போய்விடுவார். எனக்குப் புரியவே இல்லை. ஓய்வெடுக்கச் சொன்னால் கோபம் வருகிறது. பேசாமல் இருந்தால், ‘உங்களுக்கு அக்கறையே இல்லை’ என்கிறார். ஓடுவதால்தான் இந்த நோயே வந்தது என்பது என் மாமியாரின் கட்சி. இரண்டு மாதம் முன்பு ஒரு மாரத்தானில், 28-வது கிலோமீட்டரில் வலி தாங்காமல் பாதை ஓரமாக உட்கார்ந்துவிட்டார். கூட்டி வரப் போன நான், ‘அப்பவே சொன்னேனே’ என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஓட்டத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆனால் அடுத்த மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். இன்னும் 14 வாரம் இருக்கிறது. நான் தடுக்க வேண்டுமா, தட்டிக்கொடுக்க வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நண்பருக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது நோயைவிட ‘அப்பவே சொன்னேனே’ என்ற அந்த இரண்டு வார்த்தைகள்தான் என்று தோன்றுகிறது. அவை அவரை ஏன் அப்படிக் காயப்படுத்தின என்று புரிய, முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கருப்பையின் உள்பக்கம் இருக்கும் படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பையின் மேல், குடலை ஒட்டி, சிறுநீர்ப்பையை ஒட்டி என்று எங்கு வேண்டுமானாலும் அது இருக்கலாம். மாதாமாதம் ஹார்மோன் ஏறி இறங்கும்போது அந்த இடங்களில் அழற்சி வருகிறது, தழும்பு உண்டாகிறது, சிலருக்கு உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்கின்றன. குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, உலகம் முழுக்க சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இத்தனை பேருக்கு இருந்தும், வலி தொடங்கி அதற்கு ஒரு பெயர் கிடைப்பதற்குள் பலருக்கு வருடக்கணக்கில் ஆகிவிடுகிறது. சாதாரண ஸ்கேனில் பல நேரம் தெரியாது என்பது ஒரு காரணம். ‘எல்லாருக்கும் வர்றதுதானே, பொறுத்துக்கோ’ என்று சொல்லி அனுப்பிவிடுவது இன்னொரு காரணம்.

உங்கள் மனைவிக்கு 35 வயதில்தான் பெயர் தெரிந்திருக்கிறது. அதற்கு முன் எத்தனை பேர் அவருடைய வலியைத் தட்டிக்கழித்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வரிசையின் கடைசியில் நீங்களும் போய் நின்றுவிட்டீர்கள். அதுவும் 28 கிலோமீட்டர் ஓடிய உடம்போடு அவர் தரையில் உட்கார்ந்திருந்த நேரத்தில்.

மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். சுருக்கமாகக் கேளுங்கள். ‘பயத்துல சொல்லிட்டேன், ஆனா நீயும் கொஞ்சம்...’ என்று ‘ஆனா’ போட்டீர்கள் என்றால் கேட்காமலே இருந்திருக்கலாம். கேட்ட கையோடு அவர் பேசிவிடுவார் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

இனி உங்கள் குழப்பத்துக்கு வருகிறேன். முதல் நாள் தரையில் கிடந்தவர் நான்காம் நாள் 25 கிலோமீட்டர் ஓடுவது எப்படி? அதில் பொய்யோ வீம்போ இல்லை. மாதவிடாய் தொடங்கும் சமயத்தில் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் அதிகமாகச் சுரந்து கருப்பையைப் பிழிகிறது. ஓரிரு நாளில் அது குறையும்போது, பலருக்கு அந்த உச்சகட்ட வலியும் இறங்குகிறது. எண்டோமெட்ரியோசிஸ் இருப்பவர்களுக்கு மற்ற நாட்களிலும் வலி வரும்தான். ஆனால் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. நல்ல நாள் ஒன்று கையில் கிடைத்தால் ஓட்டக்காரர் யாரும் அதை விடமாட்டார், அவ்வளவுதான் விஷயம். சுருண்டு படுத்து ‘முடியல’ என்று அவர் சொல்லும்போது உடனே நம்புகிறீர்கள். எழுந்து நின்று ‘இன்னைக்கு முடியும்’ என்று சொன்னால் மட்டும் சந்தேகப்படுகிறீர்கள். இரண்டையும் சொல்வது ஒரே ஆள்.

மாமியார் விஷயத்தில் அதிகம் மெனக்கெட வேண்டாம். ஓடுவதால் எண்டோமெட்ரியோசிஸ் வருவதில்லை. (ஓடினால் குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். ஓட்டம் மனசுக்கும் தூக்கத்துக்கும் உதவலாம். சிலருக்கு வலியும் குறையலாம். நோயை அது அகற்றாது.) நெடுந்தூரம் ஓடினால் கருப்பைக்கு ஆகாது என்று சொல்லியே பெண்களை ரொம்ப காலம் தள்ளி வைத்திருந்தார்கள். 1967-ல் பாஸ்டன் மாரத்தானில் கேத்ரின் ஸ்விட்சர் ஓடிக்கொண்டிருந்தபோது, போட்டி நடத்தியவர்களில் ஒருவரே பாதையில் பாய்ந்து அவருடைய எண் அட்டையைப் பிடுங்கப் பார்த்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததே 1984-ல்தான். மாமியாரிடம் இந்தச் சரித்திரத்தையெல்லாம் அவிழ்க்க வேண்டியதில்லை. அடுத்த முறை மனைவியோடு டாக்டரிடம் போகும்போது இதையும் கேட்டுக்கொண்டு வந்து, ‘ஓடுறதால வரலையாம் அத்தை, டாக்டரே சொல்லிட்டார்’ என்று முடித்துவிடுங்கள். அதை நீங்கள் சொல்ல வேண்டும். மகள் சொன்னால் தாய்க்கும் மகளுக்கும் சண்டையாகிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. இணையத்தில் தேடினால், 2002-ல் சிகாகோ மாரத்தானில் பிரிட்டன் ஓட்டக்காரர் பவுலா ராட்கிளிஃப் பீரியட்ஸ் வலியோடு ஓடி 2 மணி 17 நிமிடம் 18 வினாடியில் உலக சாதனை படைத்த கதை கண்ணில் படும். அவரே சொன்னதுதான். தயவுசெய்து அதை உங்கள் மனைவிக்கு அனுப்பிவைக்காதீர்கள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அதோடு, சாதாரணப் பீரியட்ஸ் வலியும் எண்டோமெட்ரியோசிஸ் வலியும் ஒன்றில்லை.

சரி, தடுப்பதா, தட்டிக்கொடுப்பதா? இரண்டிலுமே முடிவு உங்கள் கையில் இருப்பதுபோல ஒரு தொனி இருக்கிறது. ஓடுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. மருத்துவர் போடும் எல்லை இருந்தால், அதற்குள். உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. மாரத்தான் பயிற்சி அட்டவணை வாரக் கணக்கில் போடப்படுவது. அவர் உடம்பு மாதக் கணக்கில் நடப்பது. 14 வாரத்தில் மூன்று அல்லது நான்கு முறை இரண்டும் மோதும். மிக நீளமான ஓட்டம் அந்த நாளில் வந்து விழுந்தால் ஒரு வாரம் முன்னே பின்னே தள்ளலாம், அந்த வாரமே ஓட்டத்தைக் குறைத்து நடையாக்கலாம். பெரும்பாலான அட்டவணைகள் இந்த அளவு நெகிழ்வைத் தாங்கும். அவருக்குச் சம்மதம் என்றால், இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சேர்ந்து உட்காருங்கள். பந்தய நாளே அந்தத் தேதியில் வந்தால் ஹார்மோன் மாத்திரை மூலம் தள்ளிப்போடலாமா என்று மகளிர் மருத்துவரிடம் கேட்கலாம். இப்போதே கேட்க வேண்டும். பந்தயத்துக்கு முந்தின வாரம் புதிதாக எதையும் ஆரம்பிக்கக் கூடாது.

சம்மதம் என்று சொன்னதைக் கவனித்தீர்களா? அவர் மாதவிடாய்த் தேதிகளை நீங்களாக போனில் குறித்து வைத்துக் கண்காணிக்க ஆரம்பித்தால் உதவி வேவு ஆகிவிடும். ஏதோ ஒரு சண்டையில், ‘என்ன, நாள் நெருங்கிடுச்சா?’ என்று ஒரு தடவை வாயை விட்டால் போதும், அந்தக் காலண்டர் திரும்ப உங்கள் கண்ணில் படாது.

மாத்திரை விஷயத்தில் மட்டும் நான் கறாராகவே இருப்பேன். ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென், மெஃபெனாமிக் ஆசிட் போன்றவை பீரியட்ஸ் வலிக்கு நன்றாகவே கேட்கும், ஏனென்றால் புராஸ்டாகிளாண்டின் சுரப்பதையே அவை குறைக்கின்றன. வீட்டில் படுத்திருக்கும்போது டாக்டர் சொன்ன அளவில் எடுப்பதில் பிரச்சினை இல்லை. சிக்கல் பாதையில் வருகிறது. வியர்த்து நீர் குறைந்த உடம்பில், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதும் அதே புராஸ்டாகிளாண்டின்தான். 80 கிலோமீட்டர் ஓட்டங்களில் ஓடியவர்களை வைத்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும், வெறும் போலி மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கும் சிறுநீரக பாதிப்பின் அறிகுறி தெரிந்தது. அதனால் 28-வது கிலோமீட்டரில் நின்றுகொண்டு, ‘இந்தா, ஒண்ணு போட்டுக்கிட்டு ஓடு’ என்று நீட்டுபவராக நீங்கள் இருக்காதீர்கள். பந்தய நாளில் எதை, எப்போது எடுக்கலாம் என்பதை அவருடைய மருத்துவர், அவர் நெடுந்தூரம் ஓடுகிறார் என்பது தெரிந்து சொல்லட்டும்.

ரத்தப்போக்கு அதிகமா என்று நீங்கள் எழுதவில்லை. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பலருக்கு அதுவும் கூட வரும். 2015 லண்டன் மாரத்தானில் ஓடவிருந்த பெண்களிடம் கேட்டபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல், 36 சதவீதம் பேர், அதிக ரத்தப்போக்கு இருப்பதாகச் சொன்னார்கள். மணிக்கு ஒரு பேட் மாற்ற வேண்டியிருப்பது, ஏழு நாளைத் தாண்டுவது, பெரிய கட்டிகளாக வெளியேறுவது எல்லாம் இதன் அடையாளங்கள். இப்படிப் போனால் இரும்புச்சத்துக் கையிருப்பு கரையும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று சொல்லிவிட்டால் நிம்மதியாகிவிடாதீர்கள். ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள், கையிருப்பைக் காட்டுவது அதுதான். வழக்கமான வேகத்திலேயே மூச்சு வாங்குகிறது, மாடிப்படி ஏறினால் கால் கனக்கிறது என்று ஓட்டக்காரர் சொன்னால், பயிற்சி போதவில்லை என்று நினைப்பதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது.

அவர் வேண்டாம் என்று சொன்னாலும் நீங்கள் தலையிட வேண்டிய சமயங்கள் உண்டு. மயங்கி விழுந்தால், அடிவயிற்று வலியோடு காய்ச்சல் வந்தால், ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கத்தி குத்தியதுபோல வலித்தால், சில மணி நேரம் தொடர்ந்து மணிக்கு ஒரு பேட் நனைந்தால், காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அப்புறம், ஹார்மோன் சிகிச்சை எதுவும் இல்லாமலே மூன்று மாதம் பீரியட்ஸ் வராமல் போனால், ‘அப்பாடா, வலி இல்லை’ என்று இருவரும் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். கர்ப்பம் இல்லையென்றால், ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதாமல் உடம்பு சுழற்சியையே நிறுத்தியிருக்கலாம். எலும்பு முறிவு வரை கொண்டுபோய் விடுகிற விஷயம் அது.

பந்தய நாளுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். இதே நோய் உள்ள என் தோழி ஒருத்திக்காக ஒருமுறை 30-வது கிலோமீட்டரில் காத்திருந்தேன். தோளில் ஒரு பை. அதில் பேட், மாற்று ஷார்ட்ஸ், ஈரத் துணி, ஒட்டிக்கொள்ளும் வெப்பப் பட்டை, இடுப்பில் சுற்றிக்கொள்ள ஒரு கருப்பு ஜாக்கெட். கழிப்பறை எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று இருக்கிறது என்று பாதை வரைபடத்தில் முந்தின நாளே குறித்திருந்தேன். குடல் பக்கம் நோய் இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். தூரத்தில் அவள் வருவது தெரிந்தது. நடை மாதிரி ஓட்டம், ஒரு கை அடிவயிற்றில். எனக்கு வாய் துறுதுறுத்தது. முகம் வெளுத்திருக்கே, நிறுத்திடேன் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அவள் கட்டளை போட்டிருந்தாள்: ‘எப்படி இருக்கேன்னு கேட்காதே. பையைத் திறந்து காட்டு, போதும்.’ திறந்து காட்டினேன். வெப்பப் பட்டையை எடுத்து ஒட்டிக்கொண்டாள், இரண்டு வாய் தண்ணீர் குடித்தாள், போய்விட்டாள். 34-ல் நிறுத்தினாள். திரும்பும் வழியில் காரில் தூங்கிவிட்டாள். அதைப் பற்றி அவளாகப் பேசியது ஒன்பது நாள் கழித்து.

உங்கள் மனைவியின் கட்டளை வேறாக இருக்கலாம். கத்தி உற்சாகப்படுத்தச் சொல்லலாம், பாதைப் பக்கமே வராதே என்று கூடச் சொல்லலாம். அதை வலி இல்லாத ஒரு நாளில், ஷூ இன்னும் அலமாரியில் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிலையில் அவர் நிறுத்துவார், அதை உங்களுக்கு எப்படித் தெரிவிப்பார் என்பதையும் அன்றைக்கே இருவருமாகப் பேசிவிடுங்கள்.

அந்த 28-வது கிலோமீட்டருக்கு முன்னால் என்ன நடந்தது என்று இதுவரை அவரிடம் கேட்டீர்களா? எத்தனையாவது கிலோமீட்டரில் வலி ஆரம்பித்தது, எவ்வளவு தூரம் அதோடு ஓடினார் என்பது எதுவுமே உங்கள் கடிதத்தில் இல்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு வாரம் போகட்டும். அப்புறம் இதைக் கேளுங்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள், நேரம் ஆகும்.